அதே ஐந்து வார்த்தைகள்

ஐஸ் ஹாக்கி தளத்தின் மேல் விரித்த செயற்கைப் புல்லிலிருந்து குளிர் ஏறுகிறது. பந்தோடு ஓடிவந்து பக்கச் சுவரில் தலை மோதி விழுந்த லடோயா, தலைக்கவசத்தை மடியில் வைத்தபடி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். பெண்கள் அமெரிக்கக் கால்பந்து சீசனின் கடைசி ஆட்டம். அவளுடைய ஓமாஹா அணியில் மாற்று ஆள் கிடையாது. விளக்குகள் கண்ணில் ஊசியாய்க் குத்துகின்றன. முதலுதவி பார்க்கும் மார்லிஸ் எதிரே குந்தியிருக்கிறாள். “இப்ப அஞ்சு வார்த்த சொன்னேனே, திருப்பிச் சொல்லுடி.” “எலுமிச்ச, விரல், கம்பளி, குதிர, நுர.” ஒன்றுகூடத் தப்பவில்லை. எப்படித் தப்பும்? தலையில் அடிபட்டவர்களின் நினைவைச் சோதிக்க, சீசன் முழுக்க மார்லிஸ் கேட்பது இதே ஐந்துதான். உடைமாற்றும் அறையில் எல்லோரும் பாட்டாகவே பாடி மனப்பாடம் செய்திருக்கிறார்கள். “தல சுத்துதா?” “உன் மூஞ்சியப் பாத்தாத்தான் சுத்துது.” பெஞ்சு முழுக்கச் சிரிப்பு. மார்லிஸ் கட்டைவிரலை உயர்த்துகிறாள்.

லடோயா கவசத்தை மாட்டிக்கொண்டு வெளிச்சத்துக்குள் ஓடுகிறாள். நடுவில் பச்சைச் சட்டைக்காரிகள் தோளோடு தோள் கோத்து, வட்டமாய்க் குனிந்து, அடுத்த நகர்வைக் கிசுகிசுக்கிறார்கள். அவளும் இடித்துக்கொண்டு உள்ளே புகுந்து, இரண்டு பக்கமும் தோளில் கை போட்டுக் குனிகிறாள். கிசுகிசுப்பு சட்டென்று நின்றுபோகிறது. அவள் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கிறாள். அவள் சட்டை சிவப்பு.