கட்சி மாறிய லோர்னா

"இந்த விதியைச் சேர்த்தா, எந்தப் பொண்ணும் புகார் கொடுக்க இந்தப் பக்கமே வர மாட்டா!"

லோர்னா மேசையைத் தட்டிய வேகத்தில் டோனட் தட்டு குதித்தது.

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஒரு சின்னப் பல்கலைக்கழகம். பாலியல் புகார் விசாரணை விதிகளை வாஷிங்டன் சொன்னபடி மாற்றுவதற்கு ஒரு கமிட்டி. வரலாற்றுப் பேராசிரியை லோர்னா அதில் சேர்ந்த நாளிலிருந்து ஒரு கூட்டமும் நேரத்துக்கு முடிந்ததில்லை.

"அம்மா தாயே, நான் எழுதின விதியா இது?" டீன் ஹால்வர்சன் கும்பிடாத குறை. "புகார் சொன்னவங்களை, எதிர்த்தரப்புக்காகப் பேச வர்ற ஆள் நேருக்கு நேர் கேள்வி கேட்கலாம். புகாருக்கு ஆளான பையனுக்கு அப்படி ஆள் இல்லைன்னா, நாமதான் ஆள் தரணும். மத்திய அரசு சொல்லிடுச்சு. மாட்டேன்னு சொல்ல முடியுமா?"

ஓட்டெடுப்பு நடந்தது. லோர்னா தோற்றார்.

"சரி, பையன் தரப்புல கேள்வி கேட்க நம்மள்ல யார் வர்றீங்க?" என்றார் டீன்.

ஆளாளுக்குக் காபிக் கோப்பைக்குள் எதையோ தேடினார்கள்.

சட்டப் பாடம் நடத்தும் டில்லரி மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "யாரும் இல்லைன்னா நான் இருக்கேன். கோர்ட்ல எத்தனை பேரை அழ வச்சிருக்கேன்! ரெண்டே கேள்வி போதும்."

"நான் வர்றேன்" என்று சட்டென்று கை தூக்கினார் லோர்னா.

"அடேங்கப்பா! இவ்வளவு கத்திட்டு, இப்ப பையன் கட்சியா?" என்றார் டில்லரி. "பேசாம தேர்தல்ல நில்லுங்க லோர்னா. உங்களுக்கு நல்ல எதிர்காலம் இருக்கு!"

எல்லோரும் சிரித்தார்கள். மாணவர் பிரதிநிதி மேடலின் மட்டும் சிரிக்கவில்லை. கூட்டம் முடிந்ததும் லோர்னாவை வராந்தாவில் வழிமறித்தாள்.

"உங்களைப் போய் நம்பினோமே, புரொபசர்! அந்தப் பக்கமா உட்காரப் போறீங்க?"

"ஆமா. பையனுக்காகக் கேட்க வேண்டியதை ஒண்ணு விடாம கேட்பேன். அவன் சொல்றதும் உண்மையா இருக்கலாம் இல்லையா?"

"அப்போ டில்லரிக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்?"

லோர்னா கோட்டுப் பொத்தானை மெதுவாகப் போட்டுக்கொண்டார்.

"நானும் இங்கே படிக்கறப்போ புகார் கொடுத்தவதான், மேடலின். விசாரிச்சவங்க 'அன்னிக்கு என்ன டிரெஸ் போட்டிருந்தே?'ன்னு சிரிச்சுக்கிட்டே கேட்டாங்க. அந்தக் கேள்வியும் அந்தச் சிரிப்பும் என்கிட்டேர்ந்து வராது."