இரவல் ரத்தம்

"ரத்தம் உன்னோடது, பேர் என்னோடது. அவ்வளவுதான் மச்சான். எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்."

பஸ் ஓட்டுநர் கெஞ்சிக்கொண்டிருந்தது தன் மனைவியின் தம்பியிடம்.

"தப்பு இல்லையா மாமா?"

"தப்புதான். ஆனா என் ரத்தத்தைக் கொடுத்தா அதைவிடப் பெரிய தப்பாயிடும். அதுல எவ்வளவு எண்ணெய், எவ்வளவு சர்க்கரைன்னு எனக்கே தெரியும். டிப்போ டாக்டர் பார்த்தார்னா வண்டிச் சாவியைப் பிடுங்கிடுவார்."

அதில் பொய்யில்லை. ஸ்டியரிங்குக்கும் அவர் வயிற்றுக்கும் நடுவில் விரல் நுழையாது. பிரேக் போட்டால் பஸ் நின்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் வயிறு நிற்கும். இத்தனை வருஷமாகக் கண்ணையும் காதையும் மட்டும் பார்த்துவிட்டு அனுப்பிக்கொண்டிருந்தவர்கள், இந்த வருஷம் புதிதாக ரத்தத்தையும் கேட்டுவிட்டார்கள்.

மச்சினன் நீச்சல் கற்றுக்கொடுப்பவன். முப்பது வயது. சிகரெட், குடி எதுவும் கிடையாது. வயிறு என்று ஒன்று இருக்கிறதா என்று தேடித்தான் பார்க்க வேண்டும். ஓட்டுநர் தட்டை நீட்டி இன்னும் கொஞ்சம் கேட்கும்போதெல்லாம் மனைவி, "என் தம்பியைப் பாருங்க" என்பாள். பார்த்துப் பார்த்துக் கடுப்பாகிப் போயிருந்தவருக்கு, முதல் தடவையாக அந்த உடம்பு பிரயோஜனப்பட்டது.

பரிசோதனைக் கூடத்தில் ஓட்டுநர் பெயரைக் கூப்பிட்டார்கள். மச்சினன் எழுந்து போனான். யாரும் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தார்கள்.

அந்த நிம்மதியில் ஓட்டுநர் எதிர்க்கடைக்குப் போய் இரண்டு கிரீம் பன் சாப்பிட்டார்.

மறுநாளே டிப்போ டாக்டர் கூப்பிட்டனுப்பினார்.

"உட்காருங்க. ரிப்போர்ட் நல்லா இல்ல."

ஓட்டுநருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எப்படி சார் நல்லா இல்லாம இருக்கும்? தினமும் நீந்..." என்று ஆரம்பித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

டாக்டர் சிரிக்கவில்லை. "கெட்ட கொழுப்பு இருக்க வேண்டியதைவிட மூணு மடங்கு இருக்கு. வெறும் சாப்பாட்டால இவ்வளவு ஏறாது. பரம்பரையா வர்றதுன்னு நினைக்கிறேன். அப்பா இருக்காரா?"

"எண்பத்திரண்டு வயசு சார். எங்களை எல்லாம் திட்டிக்கிட்டு நல்லா இருக்கார்."

"அம்மா?"

"அவரைத் திட்டிக்கிட்டு நல்லா இருக்காங்க."

"சொந்தத்துல யாராவது சின்ன வயசுலயே திடீர்னு போயிருக்காங்களா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தவருக்கு மாமனார் ஞாபகம் வந்தது. சுவரில் மாட்டிய படத்தில் மட்டுமே அவரைப் பார்த்திருக்கிறார். ஒல்லியான மனுஷர். நாற்பத்தொரு வயதில், வேலைக்குக் கிளம்பும்போது செருப்பு மாட்டக் குனிந்தவர் நிமிரவே இல்லை. அவருக்கு ஆயுசு அவ்வளவுதான் என்று எல்லாரும் அழுது ஓய்ந்திருந்தார்கள்.

"இதோட ஓடுறது, கனம் தூக்குறது எதுவும் கூடாது. இன்னைக்கே இதயத்தைப் பார்த்தாகணும்" என்றார் டாக்டர்.

மச்சினன் இந்நேரம் நீச்சல் குளத்தில் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் போய் வந்துகொண்டிருப்பான்.

யோசிக்க ஒரு நிமிஷம் கிடைத்திருந்தால் ஓட்டுநர் கட்டாயம் நல்ல பொய்யாக ஒன்று தேடிப் பிடித்திருப்பார். அவருடைய திறமை அப்படி. அதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"சார், அது என் ரத்தம் இல்ல."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்புறம் யாரோடது?"

"என் மச்சினனோடது."



"முதல்ல அவரைக் கூப்பிடுங்க" என்றார் டாக்டர். "உங்களை அப்புறமா நிதானமா திட்டுறேன்."

மச்சினன் போனை எடுக்கவில்லை. திரும்பத் திரும்ப அடித்தார். ஒவ்வொரு தடவையும் மணி முழுசாக அடித்து ஓய்ந்தது. ஒரு வழியாக, "தண்ணியில இருந்தேன் மாமா, என்ன அவசரம்?" என்ற குரல் கேட்டதும் ஓட்டுநருக்குப் பேசுவதற்குப் பதில் அழுகைதான் வந்தது.

ஈரத் தலையோடு வந்தவனை அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இதயத்துக்குப் போகும் குழாய் ஒன்று முக்கால்வாசிக்கு மேல் அடைத்திருந்தது. ஸ்டென்ட் வைத்தார்கள். அவனுடைய அக்காவையும் விடாமல் சோதித்தார்கள். அவளுக்கும் அதே கொழுப்பு. நல்ல வேளை, அவளுக்கு மாத்திரையோடு போயிற்று.

டாக்டர் சொன்ன வாக்குத் தவறாமல் ஓட்டுநரை நிதானமாகத் திட்டினார். அப்புறம் நிஜமாகவே அவருடைய கையிலிருந்து ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை வாசல் வரை வந்திருந்தது. ரத்த அழுத்தம் உள்ளேயே வந்து உட்கார்ந்திருந்தது. மோசடிக்காகச் சம்பள உயர்வு போயிற்று. உடம்பு குறையும்வரை டிக்கெட் கவுன்ட்டரில்தான் வேலை. அதுவரை தினமும் நடை, மாதாமாதம் பரிசோதனை. கிரீம் பன்னுக்கு அன்றோடு கும்பிடு.

மச்சினன் வீடு திரும்புகிற அன்று அவன் படுக்கையைச் சுற்றி எல்லாரும் நின்றிருந்தார்கள். என்ன நடந்தது என்று மனைவிக்கும் மச்சினனுக்கும் தெரியும். மாமியாரிடம் சொல்லத்தான் யாருக்கும் தைரியம் வரவில்லை.

மாமியார் ஓட்டுநரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "பெத்தவ எனக்கே தோணல. இரும்பு மாதிரி இருக்கானேன்னு இருந்துட்டேன். நீங்கதான் அவனைக் கையோட கூட்டிட்டுப் போய் ரத்தம் கொடுக்க வெச்சீங்களாமே! உங்களுக்கு எப்படித் தோணுச்சு மாப்பிள்ளை?"

மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மச்சினன் போர்வையை முகம்வரை இழுத்துக்கொண்டான், போர்வை குலுங்கியது.

ஓட்டுநர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார்.

மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்துப் படுக்கைக்காரரிடம் சொன்னார்: "பார்த்தீங்களா, எவ்வளவு அடக்கம்!"