பதினைந்தாவது மட்டை

"பதினஞ்சு!"

ஆடிட்டர் போட்ட சத்தத்தில், பந்தை அடிக்கக் கை ஓங்கிய டிரைவிங் ஸ்கூல்காரர் அப்படியே சிலையாக நின்றார்.

"என்ன சம்பந்தி?"

"சம்பந்தியாவது! உங்க பையில பதினஞ்சு மட்டை இருக்கு. பதினாலுக்கு மேல ஒண்ணு வச்சுக்கிட்டு ஆட்டத்தை ஆரம்பிச்சாலே குத்தம். தெரியுமா, தெரியாதா?"

கோல்ஃப் மைதானத்தில் மூன்றாவது குழிக்கு இன்னும் யாரும் அடிக்கவில்லை. அதற்குள் பின்னால் தங்கள் முறைக்காகக் காத்திருந்த கூட்டம், சர்க்கரை கொட்டின இடத்துக்கு எறும்பு வருகிற மாதிரி நைசாக நகர்ந்து வந்துவிட்டது.

ஆடிட்டரின் பையனுக்கு டிரைவிங் ஸ்கூல்காரரின் பெண். கல்யாணத்துக்குத் தேதிகூடக் குறித்தாகிவிட்டது.

ஆனால் இரண்டு பேருடைய பைகளுக்கும் ஜாதகப் பொருத்தம் சுத்தமாக இல்லை. ஆடிட்டரிடம் தூரம் அளக்க ஒரு கருவி, பந்து இருந்த இடத்தைக் குறிக்க வெள்ளி வில்லை, துண்டு மாட்ட ஒரு கொக்கி, அந்தக் கொக்கிக்கு ஓர் உறை. டிரைவிங் ஸ்கூல்காரரிடம் இடம் குறிக்கச் சட்டைப் பொத்தான். மட்டைகளின் தலைக்கு உறை, வீட்டில் ஜோடி தொலைந்துபோன சாக்ஸ்கள்.

"மெதுவா, மெதுவா சம்பந்தி. ஓரமா நிறுத்திட்டுப் பேசலாமே" என்றார் டிரைவிங் ஸ்கூல்காரர். இருபது வருஷமாகச் சுவரில் மோதப் போகிறவர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து பழகிய குரல்.

"ஓரமா எதுக்கு? எல்லாரும் கேக்கட்டும்!"

கூட்டத்திலிருந்து பல் டாக்டர் முன்னால் வந்தார். அவருக்கு இன்று இது தேவைப்பட்டது. காலையில் ஆட்டம் தொடங்கும் முன்பே அவர் பையில் ஒன்று கூடுதலாக இருந்ததைக் கண்டுபிடித்து, ஆடிட்டர் அத்தனை பேர் நடுவில் மானத்தை வாங்கியிருந்தார்.

"என்னைய என்ன பேச்சு பேசினீங்க சார்!" மூக்கைச் சுருக்கி, ஆடிட்டர் குரலிலேயே சொன்னார்: "'பையில இருக்கறதை எண்ணத் தெரியாதவன் வாயில இருக்கறதை எப்படிய்யா எண்ணுவான்?' இப்ப உங்க சம்பந்திக்கு என்ன சொல்லப் போறீங்க?"

கூட்டம் சிரித்தது. ஆடிட்டர் காது சிவந்தது.

"சம்பந்திங்கறதுக்காக விட்டுருவேனா? எதுய்யா அந்தப் பதினஞ்சாவது?"

பைக்குள் கையை விட்டு ஒவ்வொரு சாக்ஸாக உருவினார். ஊதா நிற சாக்ஸில் கை வைத்ததும் டிரைவிங் ஸ்கூல்காரர் பதறிப்போய்க் குறுக்கே வந்தார்.

"அதை மட்டும் வேணாம் சம்பந்தி. வீட்டுக்குப் போனதும் சொல்றேன்."

ஆடிட்டர் சரக்கென்று உருவினார்.

உள்ளே புத்தம் புதுசாக ஒரு மட்டை. பந்தைக் குழிக்குள் தட்டிவிடுகிற வகை. நீளமான பிடி. வெயில் பட்டுப் பளபளத்ததில் கண் கூசியது.

"அடேங்கப்பா!" என்றார் யாரோ. "சாக்ஸ் பார்ட்டிகிட்ட இப்படி ஒரு அயிட்டமா?"

"வாங்கினதா, தானா வந்ததா?" என்றது இன்னொரு குரல்.

"ஒளிச்சு வேற வச்சிருக்கீங்க! யாரோடது இது?" என்று அதட்டினார் ஆடிட்டர்.

டிரைவிங் ஸ்கூல்காரர் வாயைத் திறந்தார். சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

"என் பையில இருக்கில்ல, என் கணக்குலயே எழுதிக்குங்க. என்ன அபராதமோ போடுங்க. முடிஞ்ச ரெண்டு குழியில நான் ஜெயிச்சதும் வேணாம்."

"குழி யாருக்கு வேணும்? ஒரு பைக்குள்ளயே நேர்மை இல்லாத வீட்டுல என் பையன் வாழ்க்கை என்னாகும்? இந்தக் கல்யாணம் வேணாம். இத்தோட நிறுத்திக்கலாம்."

சிரித்துக்கொண்டிருந்த பல் டாக்டரின் வாய்கூட மூடிக்கொண்டது.

டிரைவிங் ஸ்கூல்காரர் கையுறையைக் கழற்றினார்.

"பொண்ணு ஆசையா இருக்குங்க. கொஞ்சம் யோசிச்சு..."

"யோசிக்க ஒண்ணுமில்ல!"

"அப்பா!"

மூச்சிரைக்கப் புல்வெளியில் ஓடி வந்தான் ஆடிட்டரின் பையன்.

"நல்ல நேரத்துக்கு வந்தே. இந்தச் சம்பந்தம் நமக்கு..."

பையன் எதையும் காதில் வாங்கவில்லை. அவன் கண் முழுக்க அப்பாவின் கையில் இருந்த மட்டையில்தான்.

"அதுக்குள்ள பாத்துட்டீங்களா? எப்படிப்பா இருக்கு? குனிஞ்சு தட்டறப்ப இடுப்பு பிடிச்சுக்குதுன்னீங்களே, அதான் நீளப் பிடியா தேடி வாங்கினேன். திடீர்னு பாத்து அசரணும்னு நேத்தே உங்க பையில சொருகிட்டேன்."

மைதானத்தில் புல் வளர்கிற சத்தம் கேட்டிருக்கும்.

ஆடிட்டர் மட்டையைப் பார்த்தார். பிறகு தன் பையைப் பார்த்தார்.

"என் பையில இருந்தது... உங்க பைக்கு எப்படி?"

டிரைவிங் ஸ்கூல்காரர் கீழே கிடந்த ஊதா சாக்ஸை எடுத்துத் தட்டினார்.

"காலைல நீங்க டாக்டரைப் பிடிச்சுக் காய்ச்சிக்கிட்டு இருந்தப்பதான் கவனிச்சேன். அந்த நேரத்துல அத்தனை பேர் நடுவுல 'உங்க பையிலயும் பதினஞ்சு'ன்னு எப்படிச் சொல்ல? அதுக்குள்ள நம்ம பேரைக் கூப்பிட்டுட்டாங்க. மாத்தி வச்சுட்டேன்."

சாக்ஸை மட்டையின் தலையில் மாட்டிக்கொண்டே, வெகுளியாகச் சொன்னார்:

"நீங்க எண்ண ஆரம்பிச்சா முதல்ல உங்க பையைத்தான் எண்ணுவீங்கன்னு பயந்துட்டேன் சம்பந்தி."