ஹேங் ஆகக் கூடாது

கம்ப்யூட்டர் பெட்டியைச் சத்தம் வராமல் கடை மேசைமேல் இறக்கி வைத்தாள் தங்கை.

பழைய போர்வையில் சுற்றி எடுத்து வந்திருந்தாள். வண்டியில் வரும் வழியெல்லாம் அது அவள் மடியில்தான் இருந்தது. பள்ளம் வரும்போதெல்லாம் கட்டிப் பிடித்துக்கொண்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தங்கையின் புருஷன் கேம் விளையாடுகிற பெட்டி அது. வேலை விட்டு வந்தால் சட்டையைக்கூட மாற்றாமல் அதன் முன்னால் போய் உட்காருகிறவன். சாப்பாட்டுக்கும் எழ மாட்டான், தட்டு அவன் கைக்கே போகும். அந்தக் கூத்துக்கு இவள் தன் சம்பளத்தில் ரேம் வாங்கிப் போடப் போகிறாளாம். அதுவும் அவனுக்குத் தெரியாமல், அவன் வீடு திரும்புவதற்குள்.

"இருக்கிற பைத்தியம் போதாதுன்னு நீ வேற எண்ணெய் ஊத்துறியா?" என்று வண்டியிலேயே கேட்டுப் பார்த்தாள் அக்கா.

தங்கை காதில் வாங்கவில்லை. செல்போனில் ஒரு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எந்த ஒயர் எந்த ஓட்டையில் இருந்தது, மவுஸ் எந்தப் பக்கம் கிடந்தது, நாற்காலி எப்படித் திரும்பியிருந்தது என்று எல்லாவற்றையும் கழற்றுவதற்கு முன்பே படம் எடுத்து வைத்திருந்தாள்.

சின்ன வயதில் தினமும் காலையில் பள்ளிக்கூடப் பையைத் தேடி வீட்டையே தலைகீழாகப் புரட்டுகிறவள். கல்யாணம் ஆளை எப்படி மாற்றிவிட்டது என்று அக்கா உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள்.

கடைக்காரர் பக்கவாட்டு மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தார். என்ன தொந்தரவு என்று விசாரித்தார்.

தங்கை ஒன்று விடாமல் சொன்னாள். போன மாதம் கேமுக்குப் புது அப்டேட் வந்ததிலிருந்துதான் இப்படி. முதலில் உள்ளே ஃபேன் சத்தம் ஏறும். பிறகு துப்பாக்கிச் சத்தம் திக்கித் திக்கி வரும். அப்புறம் எல்லாம் அப்படியே நின்றுவிடும். கீபோர்டை ஓங்கித் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்கும்.

"பரவாயில்லையே! நீங்களும் ஆடுவீங்களா?"

"இல்ல. சமையலறைல இருந்தா கேட்கும்."

இதில் எட்டு ஜி.பி. தான் இருக்கிறது, புது அப்டேட்டுக்கு அது பத்தாது, பதினாறாக்கினால் தாராளம் என்றார் கடைக்காரர். தங்கை முப்பத்திரண்டு கேட்டாள். வீண் செலவு என்றார் அவர். வந்தவர் தலையில் எதையாவது கட்டி அனுப்புகிற ஆளில்லை போலிருக்கிறது. பதினாறு போட்டால் எப்போதாவது ஒரு தடவை நிற்குமா என்று கேட்டாள். என்றைக்காவது நிற்கலாம், மெஷின்தானே என்றார்.

"அப்ப முப்பத்திரண்டே போடுங்க."

ரெண்டையும் காட்டுகிறேன், யோசித்துச் சொல்லுங்கள் என்று கடைக்காரர் உள்ளறைக்குப் போனார்.

அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. வாரக்கணக்காக ஒரு பக்கமாகவே மென்றுகொண்டிருக்கிறாள், அந்தப் பல்லைக் கொண்டுபோய்க் காட்டத் துப்பில்லை, புருஷன் விளையாட்டுக்கு மட்டும் முப்பத்திரண்டு கேட்கிறதா? நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடலாம் என்று தங்கையின் கையைப் பிடித்து வாசல் பக்கம் இழுத்தாள்.

அப்படியொன்றும் அழுத்திப் பிடிக்கவில்லை.

தங்கை உதட்டைக் கடித்துக்கொண்டு அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டாள்.

அக்கா சட்டென்று கையை எடுத்தாள். பிறகு தானும் பக்கத்தில் உட்கார்ந்து, அவளுடைய முழுக்கைச் சட்டையின் கையை மெல்ல மேலே சுருட்டினாள்.

தோளுக்குக் கீழே விரல் விரலாகப் பதிந்திருந்தது. பழையவை மஞ்சளாக. புதியவை கன்றிப்போய்க் கறுப்பாக.

"ஹேங் ஆனாத்தான் எழுந்து வருவாரு, அக்கா," என்றாள் தங்கை மெதுவாக. "ஓடிக்கிட்டே இருந்தா என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாரு."

எங்கள் வீட்டுக்கு வந்துவிடு என்று சொல்ல வாயெடுத்தாள் அக்கா. உடனே வீடு கண்முன் வந்து நின்றது. ஹாலில் படுத்த படுக்கையாக மாமனார். ஒரே கட்டிலில் நெருக்கியடித்துப் படுக்கும் பிள்ளைகள். உன் தங்கச்சி எப்பக் கிளம்புறா என்று இரண்டாம் நாளே கேட்கக்கூடிய புருஷன்.

அதற்குள் கடைக்காரரின் செருப்புச் சத்தம் கேட்டது. தங்கை சட்டைக் கையை இழுத்து விட்டுக்கொண்டு எழுந்தாள். அக்காவின் வாய்வரை வந்த வார்த்தை வந்த வழியே திரும்பிப் போயிற்று.

கடைக்காரர் இரண்டு சின்ன டப்பாக்களை மேசையில் வைத்து, எதைப் போடட்டும் என்று இருவரையும் பார்த்தார்.

அக்கா தன் கைப்பையைத் திறந்தாள்.

"பெருசையே போடுங்க."

அந்தக் குரல் அவளுக்கே யாருடையதோ போல இருந்தது.

ரேமைச் செருகி, பெட்டியை ஓடவிட்டுக் காட்டினார் கடைக்காரர். தங்கையின் முகம் தெளிந்தது. பிறந்தநாளுக்குப் புதுத்துணி கிடைத்த பிள்ளை மாதிரி அவள் நிற்பதைப் பார்க்க அக்காவால் முடியவில்லை.

மூடியைத் திருகும்போது தங்கை கடைசியாக ஒரு தடவை கேட்டாள், இனிமேல் நிற்கவே நிற்காதில்லையா என்று.

"மெஷின் நிக்காதும்மா," என்று சிரித்தார் அவர். "ஆனா ஆன்லைன் கேம்தானே? நெட் போச்சுன்னா அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?"

தங்கை அக்காவைத் திரும்பிப் பார்த்தாள்.

அக்கா கைப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.