மாப்பிள்ளை கண்டுபிடித்த கோளாறு

"கியர்பாக்ஸ் காலி. எழுதி வச்சுக்கங்க" என்றார் மாப்பிள்ளை.

மெக்கானிக் எழுதி வைத்துக்கொள்ளவில்லை. அப்போதுதான் அவர் வண்டிக்கு அடியில் போயிருந்தார்.

இருபத்திரண்டு வயதான கார். ஒரு மாதமாக செகண்ட் கியர் விழ மறுத்தது. விழுந்தாலும் 'கறக் கறக்' என்று தெருவையே கூட்டியது. மாமனார் ஓட்டிக்கொண்டு வந்தார். பக்கத்து சீட்டில் இருந்து வழி நெடுக வைத்தியம் சொல்லிக்கொண்டு வந்தார் மாப்பிள்ளை.

மாப்பிள்ளைக்குச் சொந்தமாக வண்டி கிடையாது. இந்தக் காலத்தில் கார் வாங்குவது முட்டாள்தனம் என்பது அவருடைய கொள்கை. தேவைப்பட்டால் மாமனார் காரை எடுத்துப் போவார். கொள்கைக்கு ஒரு பங்கமும் வராது.

ஆனால் வண்டி ஞானம் ஏராளம். ஆபீசில் வேலை இல்லாத நேரமெல்லாம் ரிப்பேர் வீடியோதான் பார்ப்பார். ஆபீசில் அவருக்கு நேரத்துக்குப் பஞ்சமே இல்லை.

பழைய கியர் ஆயில் தட்டில் இறங்கியது. மாப்பிள்ளை விரலை விட்டு மோந்து பார்த்தார்.

"கருகிப்போச்சு! இந்த நாத்தம் ஒண்ணே போதுமே!"

"கியர் ஆயில் புதுசுலயே அப்படித்தான் சார் நாறும்" என்று மெக்கானிக் புது டப்பாவைத் திறந்து நீட்டினார்.

மாப்பிள்ளை அதையும் மோந்தார். "இந்தக் கம்பெனி சரியில்ல."

மெக்கானிக் ஆயிலை அடைத்திருந்த போல்ட்டைத் துடைத்துக் காட்டினார். "இதோட நுனியில காந்தம் இருக்கு சார். உள்ள பல்லு ஏதும் உடைஞ்சிருந்தா துண்டு துண்டா ஒட்டிக்கிட்டு வரும். இதுல கண்மை மாதிரி கொஞ்சூண்டு தூள். இந்த வயசு வண்டிக்கு இது சகஜம்."

புது ஆயில் ஊற்றியாயிற்று. இன்ஜினை ஓட விடாமல் மெக்கானிக் ஒவ்வொரு கியராகப் போட்டுப் பார்த்தார். எல்லாம் சமர்த்தாக விழுந்தன.

"பாக்ஸ் நல்லா இருக்கு. கிளட்ச் முழுசா அமுங்கலைன்னாதான் ஓடறப்ப இப்படிக் கத்தும். ஐயா, நீங்க ஏறி உக்காருங்க."

"அப்படிச் சொல்லுங்க!" மாப்பிள்ளை துள்ளினார். "கோளாறு மாமா கால்ல! போன மாசம் நான் நாலு நாள் ஓட்டினேன், ஒரு சத்தம் வரலியே. மாமா, உங்களுக்கு வயசாயிடுச்சு. பேசாம வண்டி எங்க வீட்டுலயே நிக்கட்டும். எங்கயாவது போகணும்னா ஒரு போன் போடுங்க, நான் இல்லையா?"

சற்று முன்பு கியர்பாக்ஸ் காலியான வண்டி, இப்போது அவர் வீட்டில் நிற்கத் தகுதி பெற்றுவிட்டது.

"இல்லீங்க மாப்பிள்ளை. வண்டி எங்ககிட்டயே இருக்கட்டும்."

"எதுக்கு இந்தப் பிடிவாதம்? செத்துப்போன வண்டியைக் கட்டிக்கிட்டு அழறீங்க!"

மாமனார் ஏறி உட்கார்ந்து கிளட்ச்சுக்குக் காலை நீட்டினார்.

மெக்கானிக் குனிந்து அவர் காலைப் பார்த்தார். ஐந்தடி மூன்றங்குல மனிதர். சீட்டின் விளிம்புக்கு வந்து உட்கார்ந்தும், கட்டைவிரல் நுனிதான் கிளட்ச்சை எட்டியது.

சீட்டுக்குக் கீழே கைவிட்டுத் துழாவினார்.

"அட! சீட்டு கடைசி வரைக்கும் பின்னாடி போய் மாட்டிக்கிட்டிருக்கு. லீவரும் ஒடிஞ்சு கிடக்கு. யாரோ நெட்டையான ஆளு தள்ளி, ஒடிச்சிட்டு, வாயைத் திறக்காமப் போயிருக்காங்க."

ஆறடி மாப்பிள்ளைக்குத் திடீரென்று சுவரில் இருந்த டயர் விளம்பரத்தின் மேல் ஆர்வம் பிறந்தது.

"நான்தான் தம்பி ஒடிச்சேன்" என்றார் மாமனார். "கீழ விழுந்த கண்ணாடியை எடுக்கறேன்னு இழுத்துட்டேன்."

மாப்பிள்ளைக்கு மூச்சு வந்தது. "பாத்தீங்களா? இதைத்தான் நான் அப்பவே சொன்னேன். வயசு!"

செல்போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். "ஆங், கண்டுபிடிச்சிட்டேன். மெக்கானிக்குக்கு ஒரு எழவும் தெரியலை. உங்கப்பாதான் சீட்டு லீவரை ஒடிச்சு வச்சிருக்காரு..." என்று மனைவியிடம் சொல்வது உள்ளே வரைக்கும் கேட்டது.

மெக்கானிக் புது லீவர் மாட்டி, சீட்டை முன்னால் இழுத்துவிட்டார். கிளட்ச் தரையைத் தொட்டது. செகண்ட் கியர் முனகல்கூட இல்லாமல் விழுந்தது. மாமனாரின் முகத்தில் ஒரு மாதத்துக்கு அப்புறம் சிரிப்பு வந்தது.

"ஏன் ஐயா, அவரு ஒடிச்சதுன்னு உங்களுக்கு அன்னைக்கே தெரியுமில்ல?"

"வண்டியைக் கொண்டுவந்து விட்டப்பவே பாத்தேன். கியர் கத்தறதுக்கும் அதுதான் காரணம்னு தெரியாது."

"நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி நாலு வார்த்தை கேக்க வேணாமா? கேக்க மனசில்லைன்னா, வண்டியை அவரு தலையில கட்டிட்டு நிம்மதியா இருக்கலாமே!"

மாமனார் வாசலை ஒரு தரம் எட்டிப் பார்த்துக்கொண்டார். குரல் தாழ்ந்தது.

"அவர் வண்டி எடுக்க வர்றப்பதான் தம்பி, என் பொண்ணும் கூட வர்றா. வண்டி அங்க போயிட்டா, எங்க வீட்டுல அவங்களுக்கு என்ன வேலை?"