கொட்டாவி

ஜன்னல் வெயில் டயாலிசிஸ் அறையின் தரையில் சதுரமாகக் கிடக்கிறது. இயந்திரத்தின் சின்னச் சக்கரம் சுழன்று, கணவரின் இடது கை ரத்தத்தைக் குழாய்களில் தள்ளிக்கொண்டே இருக்கிறது. வலது கையில் பிரஷர் பட்டை தானாகவே உப்பி, தானாகவே தளர்கிறது. பக்கத்து ஸ்டூலில் மனைவி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். பிரஷர் இறங்கினால் அவருக்கு மயக்கத்துக்கு முன்னால் கொட்டாவிதான் வரும். வருகிறது. "சிஸ்டர், கொட்டாவி விட்டுட்டாரு" என்கிறாள், பால் பொங்கிவிட்டதைச் சொல்வதுபோல. நர்ஸ் ஓடிவந்து கட்டிலின் கால்பக்கத்தை உயர்த்துகிறாள், சலைனைத் திறந்துவிடுகிறாள். பட்டை உப்புகிறது. எண்பது. "காலையில பிரஷர் மாத்திரை குடுத்தீங்களாம்மா?" "டயாலிசிஸ் அன்னிக்குக் குடுக்கிறதில்லையே, சிஸ்டர்." வெளுத்த உதடுகள் அசைகின்றன. "நானே எடுத்துப் போட்டுக்கிட்டேன். பழக்க தோஷம்." டயாலிசிஸ் தொடங்கிய முதல் வருடமாக இருந்திருந்தால் மனைவி ஊரைக் கூட்டியிருப்பாள். இப்போது நழுவிய போர்வையை இழுத்து அவர் பாதங்களை மூடுகிறாள். பட்டை மறுபடி உப்புகிறது. நூற்றுப்பத்து. நர்ஸ் அடுத்த கட்டிலுக்குப் போய்விடுகிறாள். அவர் முகத்தில் நிறம் திரும்புகிறது. அப்போது மனைவிக்கு, தாடை வலிக்க, நீளமாக ஒரு கொட்டாவி வருகிறது. அறையில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.