கேட்பவரின் முகம்

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, சாப்பாட்டுக்கு முன் படம் போட்டார்கள். வீட்டுக் கேமராக்கள் வருஷக்கணக்கில் சேர்த்து வைத்ததிலிருந்து, இறந்தவரைப் பற்றி இயந்திரமே வெட்டி ஒட்டி இசை சேர்த்துத் தரும் படம். இப்போதெல்லாம் எல்லா வீட்டிலும் போடுகிறார்கள்.

திரையில் சிபி பேசிக்கொண்டே இருந்தார். "காபி போடட்டுமா?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திருக்கும் அவர் முகத்திலேயே ஷாட் நின்றது. வெளியே மழை வருகிறது என்றார். எதையோ சொல்லித் தானே சிரித்தார். பின்னால் ஒற்றை வயலின். உறவினர்கள் மூக்கைச் சிந்தினார்கள்.

மனைவி மாதங்கிக்கு அழுகை வரவில்லை. அவள் திரைப்படக் கல்லூரிப் பேராசிரியை. ஒருவர் பேசும்போது கேட்பவரின் முகத்தைக் காட்டாவிட்டால் பேசுகிறவர் அநாதையாகிவிடுவார் என்று வருஷா வருஷம் பாடம் நடத்துகிறவள்.

பந்திக்கு இலை போடும்போது மகள் இயலிடம் சொன்னாள்: "மிஷினுக்கு எடிட்டிங்கே தெரியலடி. ஒரு ஷாட்லகூட நான் இல்ல. அப்பா என்னமோ காலி வீட்டுல பேசுற மாதிரி இருக்கு."

இயல் இலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டே, நிமிராமல் பதில் சொன்னாள். "உன் ஷாட்டெல்லாம் இருந்துச்சும்மா. நான்தான் தூக்கச் சொன்னேன்."

"ஏன்?"

"அப்பா பேசுறப்பல்லாம் நீ கிளாஸுக்குன்னு லேப்டாப்ல எவனோ ஒரு நடிகனோட மூஞ்சிய நிறுத்தி வச்சு, அதையே உத்துப் பாத்துட்டு இருந்தம்மா."

மாதங்கி கோணலாகக் கிடந்த ஓர் இலையை நேராக்கினாள்.

"அப்போ எடிட்டிங் சரிதான்," என்றாள்.